விலா

ராயப்பன் வேட்டியை அவிழ்த்து நான்காக மடித்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கோவணத்தோடு திரும்பி நின்றபோது புஷ்பவல்லிக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, குமட்டல். மழை பெய்து ஓய்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. டவுன்ஷிப் மனமகிழ் மன்றத்தின் பின்னறையில் கேரம் பலகைகளும் கிழிந்த பூப்பந்து வலைகளும் ஒரு மூலையில் ஒதுக்கிப் போடப்பட்டிருந்தன. வாரம் முழுக்க மூடிக் கிடந்த அறைக்குள் அந்த ஆளின் வாடை ஒரு நிமிஷத்தில் பரவிவிட்டது. பீடி, வேர்வை, மைன்ஸில் கரி சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் பழுப்புக் கரியின் ஈரப்புழுக்கம். எல்லாவற்றுக்கும் கீழே, சாப்பிடாதவர்களின் வாயிலிருந்து வருமே, அந்தப் புளித்த நாற்றம். வலது தொடையில் படர்தாமரை வட்டம் வட்டமாக ஓடியிருந்தது. குதிகால் வெடிப்புகளில் கரி ஏறி, மை ஊற்றிய கோடுகள் போலத் தெரிந்தன. முந்தானை நுனியை மூக்கருகே கொண்டுபோனவள், யாரும் பார்ப்பதற்குள் கீழே விட்டாள்.

மைன்ஸுக்கு இயந்திரம் வந்த, ஜெர்மன் எழுத்துகள் அச்சடித்த ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ராயப்பன் அதன்மேல் ஏறி, ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றதைத் தொங்கவிட்டு நின்றான். அப்படி நிற்கச் சொல்லியிருந்தார் வைத்திலிங்கம் மாஸ்டர். மாஸ்டர் மெட்ராஸில் முறையாக ஓவியம் படித்தவர். இங்கே அவருக்குக் கிடைத்த வேலை, 'தலைக்கவசம் அணிவீர்', 'ஓடும் பெல்ட்டைத் தாண்டாதீர்' என்று பலகைகளில் எழுதி, பக்கத்தில் சிரிக்கும் தொழிலாளி ஒருவனை வரைவது. அந்த வேலையின்மேல் இருந்த கோபமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உற்சாகமாக மாறிவிடும். கையில் ஓர் அடிக்கோல். அதன் நுனியால் ராயப்பனின் கழுத்துக்குக் கீழே தொட்டார்.

"இது காறை எலும்பு. இதுக்கு மேல இருக்கு பாருங்க, இந்தப் பள்ளம். தண்ணி ஊத்தினா நிக்கும். மெட்ராஸ்ல எங்களுக்கு எலும்புக்கூட்டக் கம்பியில தொங்கவிட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. இங்க அது நடந்தே வந்திருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து ராயப்பனும் சிரித்தான். சிரித்தபோது விலா எலும்புகள் ஏறி இறங்கின. "அசையாதப்பா" என்றார் மாஸ்டர்.

வகுப்பில் இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் ஸ்டோர்ஸ் சக்கரபாணி மாதிரி, ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் வந்து சேர்ந்த கிளார்க்குகளும் சூப்பர்வைசர்களும். புஷ்பவல்லி டிராயிங் ஆபீஸில் டிரேசர். பென்சில் வரைபடத்தின்மேல் டிரேசிங் துணியை விரித்து, சாக்பீஸ் பொடி தேய்த்து, ரூலிங் பேனாவால் மை ஏற்றி எடுக்கிற வேலை. அவள் கோடு மயிரிழை மாதிரி வரும், பிசிறே இருக்காது என்று பேர். அவளுக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இயந்திரத்துக்கு வாடை கிடையாது, அழுக்கு கிடையாது. பூமியை வழித்துப் போடும் ராட்சசச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் அவள் வரைந்திருக்கிறாள். ஆனால் எவ்வளவு பெரிய இயந்திரம் என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்த வேண்டும். அங்கேதான் அவள் கை கட்டிப்போட்டதுபோல் நின்றுவிடும். அவள் வரையும் மனிதன் கொடிக்கம்பம் மாதிரி நிற்பான். அதைப் பார்த்து ஆபீஸில் ஒருநாள் எல்லாரும் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து மனித உருவத்தை எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. மாஸ்டர் வேறு அதில் எண்ணெய் ஊற்றினார். பொங்கலுக்கு டவுன்ஷிப்பில் ஓவியக் கண்காட்சி. மெட்ராஸ் ஓவியக் கல்லூரியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். "அவர் கண்ணுல நல்ல ஃபிகர் டிராயிங் நாலு பட்டாப் போதும். அடுத்த வருஷம் நீ மெட்ராஸ்ல இருப்பே" என்றார்.

மெட்ராஸ் என்ற சொல்லை அவள் வீட்டில் சொல்லவே முடியாது. அப்பா தெய்வசிகாமணி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை ஆலை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளையை அவள் ஒருமுறை பார்த்திருந்தாள். முந்திரித் தோல் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்து உரிந்திருந்தன. அந்த விரல்களோடு அவன் குடித்து முடித்த காப்பி டம்ளரை நீட்டியபோது அவளால் வாங்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருவர் எச்சில் பட்ட டம்ளர், ஒருவர் தலை வைத்த தலையணை, பஸ்ஸில் வேர்த்த கம்பி, எதையும் தொடமாட்டாள். 'மகாராணி' என்று அம்மா திட்டுவாள். ஞாயிறுதோறும் மகள் மன்றத்துக்குப் போய்க் குடத்தையும் பூச்சாடியையும் வரைவதாகத்தான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவள் அந்த அறையில் எப்படி உட்கார்ந்தாள் என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. முதல் நாள் அவள் வரைந்த ராயப்பனுக்குப் படர்தாமரை இல்லை, குதிகால் வெடிப்பு இல்லை. மாஸ்டர் பின்னால் வந்து நின்று பார்த்தார். "அருவருப்பா இருக்கா?" என்றார். அவள் கை முந்தானை நுனிக்குப் போனது. "இருக்கட்டும். அருவருப்பை ஒதுக்கிட்டு எலும்பப் பாரு. எலும்பு சுத்தமானது."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போனது. அடுத்தடுத்த வாரங்களில் அவள் எலும்பைத்தான் பார்த்தாள். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவே கை எப்படித் திரும்புகிறது, விலாக்கள் முதுகிலிருந்து கிளம்பி எப்படிச் சரிந்து முன்னால் வருகின்றன, வயிறு அதற்குக் கீழே ஒரு குகை மாதிரி எப்படி உள்ளே போகிறது. அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் வாடை குறைந்தது. ஆளே குறைந்துபோனான். பெட்டியின்மேல் ஓர் இயந்திரம் நின்றது. இயந்திரம் என்றால் அவள் கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விலாக்கள் காகிதத்தில் ஒவ்வொன்றாக, பிசிறில்லாமல் வந்து இறங்கின. சக்கரபாணி எட்டிப் பார்த்து, "என்னங்க, எண்ணிப் பாத்துக்கலாம் போல இருக்கே" என்றார்.

ராயப்பனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மைன்ஸுக்காக எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவன். நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்தது. அவர்கள் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு எதைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது? இப்போது கான்டிராக்டில் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப் போடுகிறான். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அறுபத்தாறாம் வருஷம் அது. எங்கே பார்த்தாலும் அரிசிக்கு அலைச்சல். குவார்ட்டர்ஸ்காரர்களே அமெரிக்கக் கோதுமையை இடித்துச் சோறாக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மாஸ்டர் மன்றத்துக்காரர்களிடம் பேசி, ராயப்பனுக்குக் கூலிக்குப் பதிலாக மன்றத்து கேண்டீனில் தினமும் இரண்டு வேளைக்கு டோக்கன் ஏற்பாடு செய்தார். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும், வெளியே எடுத்துப் போகக் கூடாது. அது பஞ்ச காலத்து விதி.

டோக்கன் வந்த பிறகு ராயப்பன் பெட்டியின்மேல் நிமிர்ந்து நின்றான். ஒருநாள் வரையும் நேரத்தில் அவளைப் பார்த்து, "இன்னிக்கி சாம்பார்ல முருங்கக்கா போட்டிருந்தாங்கம்மா" என்றான். கேட்காமல் அவனாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் "தலையத் திருப்பாதீங்க" என்றாள்.

தீபாவளி கழிந்து மழை நின்ற ஒரு ஞாயிறு. அவளுக்கு வேலை ஓடவில்லை. காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் நிழல் தங்கவில்லை. விலாக்களின் கீழ்வரிசை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு முறை அழித்தாள். காகிதம் நார் பிரிந்து பஞ்சானது. தன் கைதான் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துபோய்ப் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கையில் குறையில்லை. ஆள் மாறியிருந்தான். வயிற்றின் இருபுறமும் மெல்லிய மடிப்பு. கன்னம் பூசினாற்போல் இருந்தது. மார்பில் தோல் கொஞ்சம் மினுமினுத்தது. அந்த மினுமினுப்பைப் பார்த்ததும், முதல் நாள் வந்த அதே குமட்டல் திரும்பி வந்தது. சுத்தமாக இருந்த ஒன்றை யாரோ அழுக்காக்கிவிட்டதுபோல் ஓர் எரிச்சல்.

"சார்," என்றாள். "இவரு சதை போட்டுட்டாரு. லைன் வரல."

சொல்லும்போது அதில் ஒன்றும் இல்லை. பென்சில் முனை உடைந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். மாஸ்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெட்டியருகே போனார். அடிக்கோலால் ராயப்பனின் விலாவில் அழுத்தினார். கோலின் நுனி கொஞ்சம் உள்ளே போய் வந்தது. "ஆமா" என்றார். "நல்லாத்தான் ஏறியிருக்கு." பின்வரிசையில் யாரோ, கேண்டீன் சாப்பாடு நமக்கு மட்டும் ஏன் ஒட்டமாட்டேங்குது என்றார்கள். மறுபடி சிரிப்பு. ராயப்பன் இந்த முறை சிரிக்கவில்லை. எது குற்றம் என்று தெரியாமல், தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான்.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் அவனிடம் பேசினார். அவள் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

"பொங்கல் வரைக்கும் டோக்கன நிறுத்திக்குவோம் ராயப்பா. ஞாயித்துக்கெழம ஒரு டீ மட்டும் குடிச்சிக்க. எக்சிபிஷன் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்."

"நான் என்னங்க தப்பு செஞ்சேன்?"

"தப்பெல்லாம் இல்லப்பா. மொதல்ல இருந்த மாதிரி இருக்கணும். அவ்வளவுதான்."

"சரிங்க" என்றான் ராயப்பன். வேட்டியை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டான். போகும்போது அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெரிய இடத்தில் கோள் சொன்னவளைப் பார்ப்பதுபோல் ஒரு மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனான்.

அந்த வாரம் முழுவதும் டிராயிங் ஆபீஸில் அமோனியா புகையில் வரைபடப் பிரதி எடுக்கும் அறையின் நெடி தன் சோற்றில் அடிப்பதாக அவளுக்குத் தோன்றியது. மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். என்ன சொல்வது? சதையோடு வரையப் பழகிக்கொள்கிறேன் என்றா? அந்தப் படம் நன்றாக வராது. நன்றாக வராத படத்தை மெட்ராஸ்காரர் பார்க்கமாட்டார். பண்ருட்டியிலிருந்து வேறு தை மாதத்துக்குள் ஒரு பதில் வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். அவள் மறுபடி உட்கார்ந்து டிரேசிங் துணியில் பொடியைத் தேய்த்தாள்.

அடுத்த ஞாயிறு ராயப்பன் பெட்டியில் ஏறியதும் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். விலாக்கள் பழையபடி தெரிந்தன. பழையதைவிடவும் துருத்திக்கொண்டு தெரிந்தன. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒரே வாரத்துல பாருங்க" என்றார் சக்கரபாணி. புஷ்பவல்லி வேகமாகத் தொடங்கினாள். கோடு வந்தது. வந்துகொண்டே இருந்தது. கழுத்து நரம்புகூடப் புடைத்து நின்றது; அதையும் எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. மார்பு ஏறி இறங்கவே இல்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் பிதுங்கி, உதடு கறுத்திருந்தது. தொடை நடுங்கியது. அவன் மூச்சை அடக்கி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான். முடியாதபோது, மாஸ்டர் வேறு பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, 'ஹக்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி எக்கிக்கொண்டான். அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். மெதுவாகத் தலையை ஆட்டினான். சொல்லாதீங்க என்று அர்த்தம்.

அவள் சொல்லவில்லை. பென்சிலையும் கீழே வைக்கவில்லை. அதுதான் பின்னால் நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்க முடியாமல் போனது. கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிதுங்கிய கண்ணையும் நரம்பையும் நடுக்கத்தையும் அது ஆசையோடு அள்ளியது. நாய் எலும்பைக் கடிப்பதுபோல, விடாமல். வகுப்பு முடிந்தபோது காகிதத்தில் ஒரு மனிதன் நின்றான். அவள் அதுவரை வரைந்ததிலேயே அவன் ஒருவன்தான் உயிரோடிருந்தான். மாஸ்டர் குனிந்து படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இத ஃப்ரேம் போடக் குடுக்கறேன்" என்று படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவள் மன்றத்துக் குழாயடியில் போய்க் கையைக் கழுவினாள். சோப்பு இல்லை. மண்ணைத் தொட்டுத் தேய்த்துக் கழுவினாள். தன் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸின் பின்வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடையில் நின்றாள். வந்தவளுக்கு என்ன வயது என்று சொல்ல முடியவில்லை. ரவிக்கை போடவில்லை. சாயம் போன சேலையைத் தோளைச் சுற்றி இறுக்கியிருந்தாள்.

"படம் போடற பொண்ணு நீங்கதானுங்களா? நான் ராயப்பன் வூட்டுக்காரி. சாமியம்மா."

புஷ்பவல்லி வாசற்படியில் ஓரடி பின்னால் போனாள். "டோக்கன் விஷயமா வந்தீங்களா? நான் வேணும்னு சொல்லலைங்க" என்றாள்.

"நான் சண்டைக்கி வரலம்மா." சாமியம்மாள் படியில் உட்கார்ந்தாள். "அவருக்குச் சத போட்டுக்கிச்சுன்னு சொன்னீங்களாம். நெசந்தான். நானே பாத்தேன். பக்கத்துல குந்தினா வேற ஆளாட்டம் இருந்தாரு. பசங்களுக்குன்னு ரெண்டு இட்டிலிய மடியில கட்டிகினு வரப் பாத்தாரு, வாசல்லயே புடிச்சிக்கினாங்க. அதுலேர்ந்து அவரு மட்டும் தின்னுட்டு வருவாரு. வந்து எங்க மூஞ்சியப் பாக்காம படுத்துக்குவாரு." குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. வேறு யாரோ ஒருவருடைய குடும்பத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினாள். "அவரு ஒடம்புக்குத்தான் போட்டுக்கிச்சு. எனக்கு ஒண்ணும் போடல. இத பாருங்க."

சேலையைத் தோளிலிருந்து சற்று விலக்கிக் கையைத் தூக்கிக் காட்டினாள். புஷ்பவல்லி பார்க்க வேண்டாமென்றுதான் நினைத்தாள். கண் போய்விட்டது. கண் போனதும், அவளை மீறி, தோளின் குமிழிலிருந்து விலாவுக்கு ஒரு கோடு இறங்கியது.

"அந்த ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவருக்குப் பதிலு என்னிய நிறுத்தச் சொல்லுங்க. நான் அசையாம நிப்பேன். நடவு நட்ட ஒடம்பும்மா, எவ்ள நேரம்னாலும் நிப்பேன்."

"அதெல்லாம் வேணாங்க. அங்க எல்லாரும் ஆம்பளைங்க. பொம்பளைங்கள வரையறதில்ல."

"ஏன், பொம்பள எலும்பு வேற மாதிரியா இருக்குது?"

புஷ்பவல்லி உள்ளே போனாள். காலையில் வடித்த கோதுமைச் சோறு சட்டியில் மிச்சம் இருந்தது. எடுத்து வந்தாள். சாமியம்மாள் மடியை விரித்தாள். புஷ்பவல்லி சட்டியை உயரத் தூக்கிப் பிடித்து, அந்தத் துணியில் சட்டி பட்டுவிடாமல் கவிழ்த்தாள். பாதி சோறு படியில் சிதறியது. தான் எவ்வளவு உயரத்திலிருந்து கவிழ்க்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சாமியம்மாள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"இது இன்னிக்கிப் பொழுதுக்கு ஆச்சும்மா. அது நெலையா கெடைக்குமேன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, வேலியோரமாக வடக்குத்து ஊருக்குப் போகும் பாதையில் இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லி போகக் கூடாது என்றுதான் இருந்தாள். குளித்து முடித்தபின் ஒரு நினைப்பு வந்தது. ராயப்பனுக்கு டோக்கனைத் திரும்பக் கொடுக்கச் சொல்ல வேண்டும், சதையோடோ சதையில்லாமலோ வரைகிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மன்றத்து வாசலில் வேப்பங்கன்றுக்குப் போட்ட முள்வேலியோரம் ராயப்பன் குந்தியிருந்தான். சட்டை போட்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். எழுந்தவன் முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வேகமாக உள்ளே போனாள்.

பின்னறையில் அன்று எல்லாரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். எப்போதும் பாதியில் நுழையும் சக்கரபாணி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். புதிதாக இரண்டு முகங்கள் வேறு. யாரும் சிரிக்கவில்லை, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல் ஓர் அடக்கம். அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் புஷ்பவல்லிக்குக் குமட்டி வாய்க்குள் எச்சில் ஊறியது. இவர்கள் சிரித்தபோது பரவாயில்லை என்றிருந்தது. பெட்டியின்மேல் சாமியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையைக் கோத்து முழங்காலைக் கட்டியிருந்தாள்.

"வாம்மா" என்றார் மாஸ்டர். அவர் முகம் வேர்த்திருந்தது. "ஸ்டடிக்கு இப்படி ஒரு சான்ஸ் அபூர்வம். அவங்களாவே முன்வந்தாங்க. ரெண்டு பேருக்கும் டோக்கன், பசங்களுக்கும் சேத்துச் சொல்லியிருக்கேன்." பிறகு பெட்டியைப் பார்த்து, "தோள் தெரியணும்மா. தோளும் கழுத்தும் மட்டும் போதும்" என்றார்.

சாமியம்மாள் சேலையை முன்பக்கம் வாரிச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். தோள் வெளியே வந்தது. பென்சில்கள் காகிதத்தைத் தொடும் சத்தம் ஒரே சமயத்தில் கேட்டது.

புஷ்பவல்லி பலகையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியருகே போனாள். "எழுந்திரிங்க. போலாம்" என்றாள் தாழ்ந்த குரலில். "நான் பாத்துக்கறேன். வேற எதாவது பண்ணலாம். வாங்க."

"நீ என்னா பண்ணுவ?" சாமியம்மாள் அவளைப் பார்க்காமலே கேட்டாள்.

புஷ்பவல்லி வாசல் பக்கம் பார்த்தாள்.

"பசங்க உள்ள கேண்டீன்ல தின்னுகினு இருக்குதுங்க. பாதியில எழுப்பிக் கூட்டிகினு போவச் சொல்றியா?"

"அப்ப நான் போறேன். என்னால இதப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

அவள் திரும்பினாள். சாமியம்மாளின் கை அவள் சேலை மடிப்பைப் பிடித்தது. பெல்ட்டோரம் அடுப்புக்குக் கரி பொறுக்கிக் கறுத்த நகங்கள்.

"போவாத கண்ணு. நீ போயிட்டா இங்க நான் ஒருத்திதான் பொம்பள." இப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இரு. நீயும் படம் எழுதிகினு இரு. நான் ஒன்னியப் பாத்துகினு ஒக்காந்திருக்கேன்."

"என்னம்மா அங்க?" என்றார் மாஸ்டர். "வரையறவங்க உக்காருங்க. சும்மா நிக்கறவங்களுக்கு எடமில்ல."

புஷ்பவல்லி போய் உட்கார்ந்தாள். பலகையை எடுத்து மடியில் வைத்தாள். காகிதத்தைப் பார்த்தாள், நிமிர்ந்தாள். சாமியம்மாள் சொன்னபடியே அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் வேண்டுதல் எதுவும் இல்லை. கரையில் நிற்கும் ஆளைப் பார்த்தபடி ஆற்றைக் கடப்பவர்களின் பார்வை. புஷ்பவல்லி ஒரு கோடு போட்டாள். எதன் கோடு என்று அவளுக்கே தெரியாது. அடுத்த கோட்டைப் போட்டாள். பக்கத்தில் சக்கரபாணி வரையவே இல்லை என்பதைப் பார்த்தாள். அவர் காகிதம் வெறுமையாக இருந்தது. பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு காயாமல் இருந்தது.

வெயில் ஏறியதும் கேண்டீன் பக்கமிருந்து ஈக்கள் வரத் தொடங்கின. ஒன்று சாமியம்மாளின் தோளில் வந்து உட்கார்ந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவள் அசையவில்லை. ஈ தோளிலிருந்து மெதுவாகக் கழுத்துப் பக்கம் நடந்தது. நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. மறுபடி நடந்தது. பென்சில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அத்தனை கண்களும் அந்த ஈயோடு சேர்ந்து அவள் உடம்பின்மேல் நகர்ந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. மாஸ்டரும் கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமியம்மாளின் தோல் மட்டும், மாட்டின் தோல் சிலிர்ப்பதுபோல, ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

புஷ்பவல்லி எழுந்து போய் ஈயை விரட்டினாள். விரட்டிய கை அந்தத் தோளின்மேல் பட்டது. கொதித்தது. காய்ச்சலில் கிடப்பவர்களின் உடம்பு மாதிரி அப்படிக் கொதித்தது. வேர்வையில் பிசுபிசுத்தது, கரித்தூள் நறநறவென்று உள்ளங்கையில் ஒட்டியது. கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடி, சாமியம்மாளுக்கு முன்னால் நின்றாள்.

பின்னால் சக்கரபாணியின் நாற்காலி கிறீச்சிட்டது.

"கொஞ்சம் நவுருங்கம்மா" என்றார் அவர், மிகவும் மரியாதையாக. "மறைக்குது."